ஆற்றில் விட்ட பேழை





கெப்பாலா பத்தாஸ் என்றால் ஒரு காலத்தில் நமக்கு நினைவில் வந்தவை நெல்வயல்களும், சந்தையும், பட்டவொர்த்திலிருந்து வடக்கே கெடா நோக்கிப் போகும் பெருஞ்சாலையுந்தான். இன்று அப்படியல்ல. பொங்சு செரிபுவில் பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. பெர்த்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் இருக்கிறது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கிளை வளாகமும் இருக்கிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வாலிபர்களும் யுவதிகளும் வந்து தங்கிப் படிக்கும் ஊராக இது மாறிவிட்டது. அவர்களில் நம் மக்களும் உண்டு.

சேர்க்கை நாளன்று அந்தக் கல்லூரி வாயிலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வாப்பாவின் கையில் வாளியும் தலையணையும். உம்மாவின் கையில் பொரித்த கோழியும் சம்பாலும் அடைத்த டப்பா. பிள்ளையின் கையில் கைப்பேசி. கடையை ஒரு நாள் அடைத்துவிட்டோ, தம்பியிடம் கல்லாவை ஒப்படைத்துவிட்டோ வந்திருக்கும் வாப்பாவுக்கு அஸர் நேரம் நெருங்க நெருங்க கடை நினைவு வந்துவிடும். பிள்ளையின் தலையைத் தடவி, “நன்றாகப் படி, செலவைப் பற்றிக் கவலைப்படாதே” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுவார். உம்மா மட்டும் கண்ணாடி வழியே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்.

அந்த இரண்டு வார்த்தைகளோடு நம் கடமை முடிந்துவிட்டதா? இதைக் குறித்துத்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல நாடுகிறோம்.

நபி மூஸா (அலை) அவர்களின் அன்னையாரை நினைத்துப் பாருங்கள். பிர்அவ்னின் ஆட்கள் ஆண் குழந்தைகளைத் தேடி அலைந்த காலம். அந்தத் தாய்க்கு இறைவன் உதிப்பித்த கட்டளையில் ஒரு வரிசை இருப்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் பாலூட்டு என்றான். அதன் பிறகுதான், அச்சம் வந்தால் பேழையில் வைத்து ஆற்றில் விடு என்றான். பயப்படாதே, துக்கப்படாதே, திரும்ப உன்னிடமே சேர்ப்போம் என்று வாக்களித்தான். தாய் விட்டாள். விட்ட பிறகு அவளுடைய உள்ளம் என்ன பாடுபட்டது என்பதையும் திருமறை மறைக்கவில்லை. வேறு எதற்கும் இடமின்றி வெறுமையாகிப்போன உள்ளம் அது. இன்னுஞ் சற்றுப் போனால் வாய்விட்டுச் சொல்லியிருப்பாள். அந்நிலையில் அவள் செய்த காரியம் ஒன்றுதான். மகளை அழைத்து, அவன் பின்னே போ என்றாள். அந்தச் சிறுமி கரையோரமாக, தூரத்தில் இருந்தபடியே, யாருக்கும் தெரியாமல் பேழையைப் பார்த்துக்கொண்டு போனாள்.

பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதும் ஆற்றில் பேழை விடுவதைப் போன்றதே. பாலூட்டுவது, விடுவது, கரையோரமாகப் பார்த்துக்கொண்டே போவது ஆகிய மூன்று வேலைகளும் அதில் உண்டு. நம் சமூகத்தில் நடுவில் உள்ள வேலையை மட்டும் நாம் செய்கிறோம் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். சிலர் அதையுங்கூடச் செய்வதில்லை. பேழையின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மணிக்கொரு தரம் இழுத்துப் பார்க்கிறார்கள்.

முதலில் பாலூட்டுவதைப் பற்றிச் சொல்லுவோம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஊட்ட வேண்டிய பால் என்ன? நம் வீட்டுப் பையன்களில் எத்தனை பேர் தம் சட்டையைத் தாமே துவைத்திருக்கிறார்கள்? எத்தனை பேருக்குச் சோறு வடிக்கத் தெரியும்? ஐம்பது பேருக்குச் சமைக்கும் முதலாளியின் மகன் முட்டை பொரிக்கத் தெரியாமல் நிற்பதைக் கண்டால் சிரிப்பதா வருந்துவதா? ஒரு மாதத்துக்கு இருநூறு வெள்ளியைக் கொடுத்து இதிலேதான் எல்லாச் செலவும் என்று எஸ்.பி.எம். படிக்கும்போதே பழக்கியவர் நம்மில் எத்தனை பேர்? ஸுப்ஹுக்கு உம்மா எழுப்பாமல் எழுந்திருக்கும் பழக்கம் உண்டா? உம்மாவுக்காகத் தொழுதவன் உம்மா இல்லாத இடத்தில் தொழமாட்டான். இவற்றையெல்லாம் ஆறு மாதம் முன்னதாகவே ஊட்டியிருக்க வேண்டும். சேர்க்கை நாளன்று வளாக வாயிலில் நின்று சொல்லும் உபதேசம் பசித்த குழந்தைக்குப் பாலின் படத்தைக் காட்டுவது போலத்தான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான பால் ஒன்றுண்டு. அது நிய்யத்து.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் கிரந்தத்தில் முதலாவதாக இடம்பெற்றுள்ள ஹதீஸ் எதைப் பற்றியது என்பதை நம்மில் அறியாதார் இலர். ஊரைவிட்டுப் புறப்பட்டுப் போகிறவனைப் பற்றியும் அதில் பேச்சு வருகிறது. இரண்டு பேர் ஒரே பாதையில், ஒரே ஊருக்கு, ஒரே ஒட்டகக் கூட்டத்தோடு போகலாம். ஒருவன் இறைவனை நாடிப் போகிறான். மற்றவன் வேறெதையோ நாடிப் போகிறான். கால்கள் நடந்த தூரம் ஒன்றாயிருந்தாலும் சேர்ந்த இடம் ஒன்றல்ல. கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் ஊரைவிட்டுப் புறப்பட்டவன்தானே? அவன் எதை நாடிப் போகிறான்?

நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் என்ன தெரியுமா? “என்னைப் போல் அடுப்படியில் வேகாதே. என்னைப் போல் மூட்டை தூக்காதே. படித்து ஏசி அறையில் உட்கார்.” அன்பினால் சொல்லும் வார்த்தைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால், அதற்குள் என்ன மறைந்திருக்கிறது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஹலாலான தொழிலைச் செய்து, ஸகாத்துக் கொடுத்து, ஊரில் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் கை கொடுத்த ஒரு மனிதர், தம் வாழ்க்கை தப்பி ஓட வேண்டிய ஒன்று என்று தம் மகனுக்கே சாட்சி சொல்லுகிறார்! பிள்ளை அதை நம்பிவிடுகிறான். கடையைப் பார்த்து வெட்கப்படப் பழகுகிறான். பிறகு வாப்பாவைப் பார்த்தே வெட்கப்படுகிறான். விடுதித் தோழர்கள் “உன் அப்பா என்ன வேலை?” என்று கேட்டால் “பிஸினஸ்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறான். நாசி கண்டார் கடை என்று சொல்ல நா எழவில்லை. இந்தப் பாடத்தைக் கல்லூரி அவனுக்குக் கற்பிக்கவில்லை, நாம்தான் கற்பித்தோம்.

நம்மில் பலர் பின்பற்றும் மத்ஹபின் இமாம், அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள், கூஃபா நகரின் துணி வியாபாரி அல்லவா? கடையும் வைத்திருந்தார்கள், கல்விச் சபையும் நடத்தினார்கள். ஒன்றிலிருந்து தப்பி மற்றொன்றுக்கு ஓடவில்லை. ஆகவே, நம் பிள்ளைகளிடம் தப்பி ஓடுவதற்காகப் படி என்று சொல்ல வேண்டாம். யாருக்காகப் படிக்கிறாய் என்று கேட்போம். மருந்தாளராகப் போகிறவன், மலாய் சரளமாக வராத ஒரு மூதாட்டிக்கு எந்த மாத்திரையைச் சோற்றுக்கு முன், எதைப் பின் என்று தமிழில் விளக்கிச் சொல்லும் நாளை நினைத்துப் படிக்கட்டும். கணக்காளராகப் போகிறவன், நம் கடைகளின் பேரேட்டில் ஸகாத்து எவ்வளவு என்று பிசகின்றிப் பிரித்துத் தரும் நாளை நினைத்துப் படிக்கட்டும். அப்படிப்பட்ட எண்ணத்தோடு திறக்கப்படும் இரசாயனப் புத்தகமும் இபாதத்துதான் என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. எந்நேரமும் வணங்குவதற்காகவே படைக்கப்பட்டவன் மனிதன் என்று நம்புகிறோமே, அந்த வணக்கம் தொழுகை விரிப்போடு முடிந்துவிடுகிறதா? கடையில் நிறுவை சரியாக இருப்பது வணக்கம் என்றால், ஆய்வுக்கூடத்தில் நிறுவை சரியாக இருப்பதும் வணக்கமே.

இனி, விட்ட பிறகு பேழைக்கு என்ன நேருகிறது என்று பார்ப்போம். இதை நம் பெருமக்களில் பலர் அறிந்திருக்கவில்லை. ஏனெனில் நாம் கல்லூரிக்குப் போகவில்லை; பதினைந்து வயதில் கடைக்குப் போனோம்.

எஸ்.டி.பி.எம். படிப்பவர் மூன்று பருவங்களில் கடக்கும் தூரத்தை மெட்ரிகுலேஷன் மாணவர் பெரும்பாலும் இரண்டே பருவங்களில் கடக்க வேண்டியிருக்கிறது. ஓராண்டுப் படிப்பு என்பார்கள். விடுமுறையையும் தேர்வையும் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது சில மாதங்களே. பள்ளிக்கூடத்தில் மலாய் மொழியில் கணிதமும் அறிவியலும் படித்து வந்தவன் அங்கே ஆங்கில நூல்களோடு மல்லாட வேண்டும். பல்கலைக்கழக நுழைவுக்கு நூற்றில் 90 பங்கு தேர்வுப் புள்ளிக்கும் 10 பங்கு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் என்பதால், ஓய்வுநேரம் என்று நாம் எண்ணுவதும் ஓய்வாயிருப்பதில்லை. இவற்றையெல்லாம்விடக் கடினமான ஒன்று இருக்கிறது. தன் பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன் அங்கே போனால், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனும் தன் பள்ளியில் முதல் மாணவன்; எதிர்க் கட்டிலில் இருப்பவனும் அப்படியே. எல்லாரும் முதல்வராக இருக்கும் இடத்தில் யாராவது ஒருவர் கடைசியாகத்தானே வர வேண்டும்? வாழ்க்கையில் முதன்முறையாக நாற்பது மதிப்பெண் வாங்கிய பிள்ளை, தேர்வுத்தாளை மடித்துப் பையின் அடியில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போன் செய்து, “எல்லாம் நன்றாக இருக்கிறது வாப்பா” என்கிறான்.

ஏன் மறைக்கிறான்? நாம் போனை எடுத்ததும் கேட்கும் முதற் கேள்வியே “மார்க் எத்தனை?” என்பதுதானே! அதோடு, “உன் படிப்புக்காக எவ்வளவு செலவு செய்கிறேன் தெரியுமா?” என்ற வசனமும் சேர்ந்துகொள்ளுகிறது. சிலர், “முடியாவிட்டால் சொல், வந்து கடையில் நில்” என்கிறார்கள். மறுபடியும் பாருங்கள், கடையைத் தண்டனையாக்கிவிட்டார்கள்!

வணிகர்களே, உங்களுக்குத் தெரிந்த பாஷையில் கேட்கிறோம். புதிதாக ஒரு கடை திறக்கிறீர்கள். முதல் மாதம் நஷ்டம். அன்றே கதவை இழுத்துப் பூட்டிவிடுகிறீர்களா? இல்லை. பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கூலி அதிகமா, வாடகை அதிகமா, சரக்குத் தேங்கியதா என்று உட்கார்ந்து பார்க்கிறீர்கள். முதல் ஆண்டில் இலாபம் எதிர்பார்ப்பவன் வியாபாரியே அல்லன் என்று சொல்லும் நீங்கள், பிள்ளையிடம் மட்டும் முதல் மாதத்திலேயே இலாபம் கேட்பது என்ன நியாயம்? நஷ்டக் கணக்கை மறைத்து வைக்கும் குமாஸ்தாதான் கடையைக் கவிழ்ப்பவன். நஷ்டத்தை அன்றைக்கன்றே சொல்லுகிறவன் அல்லன். பிள்ளை தன் நஷ்டத்தை நம்மிடம் சொல்லும்படியான முகத்தோடு நாம் இருக்கிறோமா என்பதே கேள்வி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை கடையன்று, அவன் போட்ட முதலுமன்று. முதலைப் போட்டவனுக்கு இலாபம் கேட்கும் உரிமை உண்டு. பிள்ளையோ அமானிதம். அமானிதத்தை ஒப்படைத்தவன் வேறொருவன். அவன் நம்மிடந்தான் கணக்குக் கேட்பான்.

கெப்பாலா பத்தாஸ் மண்ணோடு சேர்ந்த ஒரு வரலாறு இங்கே பொருத்தமாக நினைவுக்கு வருகிறது. நம் நாட்டின் ஐந்தாவது பிரதமராக 2003 முதல் 2009 வரை இருந்த துன் அப்துல்லா அஹ்மத் படாவி அவர்கள் 1978 தொடங்கி 2013 வரை கெப்பாலா பத்தாஸ் நாடாளுமன்றத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். அவருடைய பாட்டனார் ஷைகு அப்துல்லா ஃபஹீம், இவ்வூரில் மதரஸா நிறுவிய ஆலிம்; பினாங்கின் முஃப்தியாகவும் விளங்கியவர். பேரர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அவர் நாடியது பொருளாதாரம். புள்ளியியல் பாடம் கைகொடுக்கவில்லை. இஸ்லாமிய இயல் துறைக்கு மாறி, 1964-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் அரசாங்க உத்தியோகம், அரசியல், பிரதமர் பதவி. 2025 ஏப்ரல் 14 அன்று இறையடி சேர்ந்தார். அவருடைய ஆட்சியைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். அது இங்கே பேச்சல்ல. ஒரு பாடத்தில் சறுக்கிய மாணாக்கனுக்கு அன்றைக்கு வீட்டிலும் வெளியிலும் ஒரு கதவு அடைபட்டதோடு எல்லாக் கதவும் அடைபட்டது என்று முடிவு கட்டியிருந்தால் என்னவாயிருக்கும் என்பதை மட்டும் யோசியுங்கள். அறிவியல் ஒத்துவராத பிள்ளை கணக்கியலுக்குப் போகலாம். மெட்ரிகுலேஷன் ஒத்துவராதவன் பாலிடெக்னிக்குக்குப் போகலாம். டாக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்ற பிடிவாதத்தால் கெட்ட குடும்பங்களை நாம் அறிவோம்.

சில பிள்ளைகளுக்குத் துன்பம் மதிப்பெண்ணில் இல்லை. இரவில் தூக்கம் வருவதில்லை, சோறு இறங்குவதில்லை, அறையைவிட்டு வெளியே வரப் பிடிப்பதில்லை. இதை “ஈமான் குறைவு” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்கள் நபி யஃகூப் (அலை) அவர்களை மறந்துவிட்டார்கள். மகனைப் பிரிந்த துக்கத்தால் கண்ணொளி மங்கும்வரை அழுத நபியின் ஈமானில் குறை கண்டவர் உண்டா? கல்லூரிகளில் இதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பல்வலிக்குப் பல் வைத்தியரிடம் போவது போல அவர்களிடம் போகலாம் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவது நம் மார்க்கமன்று.

இப்போது கரையோரமாகப் போன அந்தச் சகோதரியிடம் வருவோம்.

அவள் செய்தது என்ன? பேழையைப் பிடித்து நிறுத்தவில்லை, கூவி அழைக்கவில்லை. பார்வையை எடுக்கவுமில்லை. குழந்தை அரண்மனைப் பெண்களின் பாலை மறுத்து அழுதபோது, சரியான நேரத்தில், யாருக்கும் சந்தேகம் வராதபடி முன்னே வந்து, பாலூட்டும் ஒரு வீட்டாரைக் காட்டட்டுமா என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் குழந்தை தாயின் மடிக்கே வந்து சேர்ந்தது. பாலூட்டியதற்குத் தாய்க்குக் கூலியும் கிடைத்தது என்று பெரியோர் எழுதுவார்கள்! இப்படி இறைவன் கொடுக்கும் இலாபம் எந்தப் பேரேட்டிலும் அடங்காது.

வாப்பாவிடம் சொல்ல முடியாததைப் பிள்ளை லாத்தாவிடம் சொல்லுவான், காக்காவிடம் சொல்லுவான், சாச்சாவிடம் சொல்லுவான். வீட்டில் அப்படி ஓர் ஆளை அமர்த்தி வையுங்கள். ஒற்றனாக அல்ல; சொன்னதையெல்லாம் மறுநாளே வாப்பாவின் காதில் போட்டுவிட்டால் மூன்றாம் நாள் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும். போனை எடுத்தால் மதிப்பெண்ணைக் கடைசியில் கேளுங்கள். சாப்பிட்டாயா, எந்தப் பாடம் கடினமாயிருக்கிறது, அறையில் கூட இருப்பவன் எந்த ஊர், ஜும்ஆவுக்கு எங்கே போனாய் என்று முதலில் கேளுங்கள். கடையில் நடந்ததையும் சொல்லுங்கள். அவனும் குடும்பத்தில் ஓர் ஆள்தானே? மாதம் ஒருமுறை நேரில் போகும்போது சொந்தக்காரர் பன்னிரண்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு சுற்றுலாப் போல் போகாதீர்கள். வாப்பா மட்டும் ஒருமுறை தனியே போய், மகனோடு ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். அதிகம் பேச வேண்டியதில்லை.

நம் மகள்களைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களைவிட மாணவிகளே அதிகம். நம் பெண் மக்களும் மகன்களைவிட நன்றாகத்தான் படிக்கிறார்கள். ஆனால் மகன் தோற்றால் “மறுபடி எழுது” என்று சொல்லும் வீடே, மகள் ஒரு பாடத்தில் குறைந்தால் “போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்” என்கிறது. அவள் ஒவ்வொரு தேர்வையும் கல்யாணப் பயத்தோடு எழுதுகிறாள். கணவரை இழந்த ஓர் ஏழைத் தாய் காஸாவிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு மக்காவுக்குப் போய், காகிதம் வாங்கவும் வழியின்றி எலும்புத் துண்டுகளில் எழுத வைத்துப் படிக்க வைத்தாள். அக்குழந்தைதான் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). அந்தத் தாயின் அறிவை வியக்கிற நாம், நம் வீட்டு வருங்காலத் தாயின் படிப்பைப் பாதியில் நிறுத்தலாமா?

குடும்பம் செய்ய வேண்டியதைச் சொன்னோம். குடும்பம் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு என்ன வழி? ஜோகூரிலிருந்தும் பகாங்கிலிருந்தும் கெப்பாலா பத்தாஸுக்கு வந்திருக்கும் நம் பிள்ளையின் தாய் தகப்பன் மாதாமாதம் வர முடியுமா?

இதற்கு விடை நம் பாட்டன்மாரிடமே இருக்கிறது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு துறைமுகத்தில் இறங்கிய வாலிபர்கள் எப்படி வந்தார்கள்? ஒரு தகரப்பெட்டி, இரண்டு கைலி, ஊர்க்காரர் ஒருவரின் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சூலியா தெருப் பக்கம் வந்து விசாரித்தால், ஒருவர் கையைப் பிடித்துக் கிட்டங்கிக்கு அழைத்துப் போவார். படுக்க ஒரு பாயளவு இடம், குளிக்கத் தண்ணீர், தொழக் கப்பித்தான் கிளிங் பள்ளி. ஊரிலிருந்து கடிதம் வந்தால் படித்துக் காட்ட ஓர் ஆள். அழுதால், “எனக்கும் முதல் வருஷம் இப்படித்தான் இருந்தது தம்பி” என்று சொல்ல ஓர் ஆள். ரஜூலா 1970-களின் தொடக்கத்தோடு ஓய்வு பெற்றது. கிட்டங்கிகளும் ஏறத்தாழ மறைந்துவிட்டன. ஆனால் ஊர்க்காரர் பெயரை வைத்துக்கொண்டு வரும் வாலிபர்கள் மறைந்துவிடவில்லை. அன்று கப்பலில் வந்தார்கள். இன்று பேருந்தில் வருகிறார்கள். அன்று கடைப்பையன், இன்று கல்லூரி மாணாக்கன். அன்று அவர்களைத் தாங்கிய சமூகம் இன்று அதைவிட வசதியோடிருக்கிறது.

தமிழகத்திலும் வணிகப் பெருமக்கள் இந்த உணர்வால்தான் கலாசாலைகள் கட்டினார்கள். திருச்சிராப்பள்ளி ஜமால் முகம்மது கல்லூரியும், சென்னைப் புதுக்கல்லூரியும் 1951-ஆம் ஆண்டில் தோன்றியவை. நாம் இங்கே கல்லூரி கட்டத் தேவையில்லை, அரசாங்கம் கட்டிவிட்டது. கட்டின கல்லூரிக்குள் இருக்கும் பிள்ளைக்கு வெளியே ஒரு வாசல் வேண்டும், அவ்வளவே.

உதவி செய்யும் முறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, முன்னே சொன்ன துணி வியாபாரி இமாமிடமே மீண்டும் போவோம். அவர்களுடைய சபைக்கு யஃகூப் என்றொரு வாலிபர் வந்துகொண்டிருந்தார். வீட்டில் வறுமை. படித்துக்கொண்டிருந்தால் சோற்றுக்கு என்ன செய்வது, சம்பாதிக்கப் போ என்று வீட்டார் தடுத்துவிட்டார்கள். (தடுத்தவர் தகப்பனார் என்றும் தாயார் என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது.) சில நாட்கள் அவர் சபைக்கு வரவில்லை. இமாம் அவர்கள் அதைக் கவனித்தார்கள். இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் சபையில் ஒருவன் வராததைக் கவனித்ததே பாதி உதவி என்று நமக்குத் தோன்றுகிறது. மறுபடி வந்தபோது காரணம் கேட்டார்கள். எல்லாரும் எழுந்து போகும்வரை அவரை நிறுத்தி வைத்து, ஒரு பணப்பையைக் கையில் கொடுத்தார்கள். அதில் 100 திர்ஹம் இருந்தது. இது தீர்ந்தால் சொல்லு என்றார்கள். பின்னர் அவர் சொல்லவே நேரவில்லை. தீரும் தருணத்தில், யாரோ அறிவித்தது போல, அடுத்த பை வந்துகொண்டே இருந்தது. அந்த வாலிபர்தாம் காஜி அபூ யூஸுஃப் (ரஹ்). கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமைக் காஜியானார். சோற்றுக்கு வழியில்லை என்று வீட்டார் அஞ்சிய பிள்ளை, சாம்ராஜ்யத்தின் வரி வருமானத்தை எப்படி நியாயமாக வசூலிப்பது என்று கலீஃபாவுக்கே நூல் எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பையைக் கொடுக்கும்போது மேடை போடவில்லை, மாலை போடவில்லை, படம் பிடிக்கவில்லை. இக்காலத்தில் ஒரு மடிக்கணினி கொடுப்பதற்கு முப்பது பேர் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ளுகிறோம். அந்தப் படத்தின் நடுவில் நிற்கும் பையனின் முகத்தை யாராவது உற்றுப் பார்த்ததுண்டா? அவன் ஏழை என்பது அன்று மாலைக்குள் விடுதி முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. ஸகாத்து நிதியிலிருந்து பினாங்கில் கல்வி உதவி வழங்கப்படுகிறது. தகுதியுள்ள பிள்ளைகளுக்கு அந்த வழியைக் காட்டி, பாரத்தைப் பூர்த்தி செய்ய உதவுவதே பெரிய காரியம். அதற்குமேல் தேவைப்படுவதைக் கை மறைவாகக் கொடுப்போம்.

கெப்பாலா பத்தாஸிலும் பெர்த்தாமிலும் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வார இறுதியில் மாணாக்கர்கள் விடுதியிலிருந்து வெளியே வருவார்கள். சோப்பு வாங்க, தலைமுடி வெட்ட, வீட்டுச் சாப்பாட்டு வாசனை தேடி ஒரு தட்டு நாசி கண்டார் சாப்பிட, நம் கடைகளுக்குள் நுழைவார்கள். மூலை மேசையில் தனியாக ஒரு பையன் உட்கார்ந்து, இறைச்சிக்குப் பணம் போதுமா என்று விலைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கல்லாவில் இருப்பவர் எழுந்து போய், “தம்பி எந்த ஊர்? வாப்பா பெயர் என்ன?” என்று கேட்கட்டும். அவன் ஊரைச் சொன்னால், அந்த ஊரில் நமக்குத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். தட்டில் ஒரு துண்டு இறைச்சி கூடுதலாக விழட்டும். கணக்கில் ஏற வேண்டாம். அடுத்த வாரம் அவன் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று விசாரிப்பதற்காக அவனுடைய போன் நம்பரை மட்டும் மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.